"ரூல்ஸ் வரட்டும், பார்த்துக்கலாம்"னு இருக்கலாமா? புதிய தொழிலாளர் சட்டங்களில் முதலாளிகள் உடனே கவனிக்க வேண்டியவை - முழு விவரம்

"ரூல்ஸ் எல்லாம் வரட்டும் சார், வந்ததும் பார்த்துக்கலாம்." புதிய தொழிலாளர் சட்டங்கள் பற்றிப் பேச்சு எடுத்தாலே, சிறு தொழில் நடத்தும் பலர் சொல்லும் பதில் இதுதான். பாதி சரி. மீதிப் பாதிதான் செலவு வைக்கப்போகிறது.

2025 நவம்பர் 21-ம் தேதி, மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இதுவரை இருந்த 29 மத்திய சட்டங்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிட்டன. எதற்கு விதிகள் வரும் வரை காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது? 10 பேர், 20 பேர் வைத்துத் தொழில் நடத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சம்பளம் வாங்குபவர்களும் படிக்கலாம், உங்கள் பே ஸ்லிப்பும் இதில் இருக்கிறது.

எந்தெந்த சட்டங்கள்?

ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் ஆகிய மூன்றும் 2020-ல் நிறைவேறின. ஐந்து, ஆறு வருடம் கிடப்பில் இருந்ததால் "இதெல்லாம் எங்க வரப்போகுது"ன்னு பலர் விட்டுவிட்டார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948, போனஸ் சட்டம் 1965, தொழில் தகராறு சட்டம் 1947, தொழிற்சாலைகள் சட்டம் 1948, இஎஸ்ஐ சட்டம் 1948, பிஎஃப் சட்டம் 1952, பணிக்கொடைச் சட்டம் 1972 என்று நமக்குப் பழகிய பெயர்கள் எல்லாம் இந்த 29-க்குள் வந்துவிடும்.

சட்டம் வேற, விதி வேற

நாடாளுமன்றம் இயற்றுவது சட்டம். எந்தப் படிவம், எந்த ரிஜிஸ்டர், யாரிடம் விண்ணப்பம் என்பதை அரசு பிறகு வகுப்பது விதி. மத்திய அரசின் விதிகள் ரயில்வே, சுரங்கம், வங்கி, பெரிய துறைமுகம் போன்றவற்றுக்கு. கோவை பட்டறைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் தி.நகர் ஜவுளிக் கடைக்கும் பெரும்பாலும் மாநில அரசின் விதிகள்தான் பொருந்தும். புதிய விதிகள் இறுதியாகும் வரை, புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குப் பழைய விதிகள் தொடரும்.

ஆனால் சட்டமே ஒரு நாளையோ, தொகையையோ, கடமையையோ சொல்லிவிட்டால், அதற்கு விதி வரும் வரை காத்திருக்க முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் நியமனக் கடிதம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்கிறது பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம் கடிதம் இல்லையென்றால், சட்டம் அமலுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் கெடு 2026 பிப்ரவரியோடு முடிகிறது. கடிதத்தின் படிவம் விதியில் வரும், உண்மைதான். கடிதம் கொடுக்கும் கடமை சட்டத்திலேயே வந்துவிட்டது. பத்து வருடமாக வாய்வார்த்தையில் வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளப் பிரிப்பு, பிஎஃப், இஎஸ்ஐ எண் எல்லாம் உள்ள ஒரு கடிதத்தை இப்போதே கொடுத்துவிடுவது நல்லது. படிவம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம்: 'ஊதியம்' என்றால் என்ன?

அதிக பணம் புழங்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இதுவரை பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று பிரித்துக் கொடுத்தன. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அடிப்படையை வைத்துக் கணக்கிடப்படுவதால், அடிப்படை குறைந்தால் முதலாளியின் செலவும் குறையும். இதுதான் சூட்சுமம்.

இனி நான்கு சட்டங்களிலும் ஊதியத்துக்கு ஒரே பொருள்தான். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஊதியத்தில் நிச்சயம் சேரும். வீட்டு வாடகைப் படி, பயணப் படி, ஓவர்டைம், கமிஷன், போனஸ், முதலாளி கட்டும் பிஎஃப் பங்கு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் இப்படி விலக்கப்பட்டவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை திரும்ப ஊதியத்துக்குள் வந்துவிடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். மாதம் 30,000 ரூபாய் வாங்குகிறார் ஓர் ஊழியர். அடிப்படை 10,000. வீட்டு வாடகைப் படி 12,000. பயணப் படி 8,000. படிகள் மொத்தம் 20,000. மொத்தச் சம்பளத்தில் பாதி 15,000. எல்லையைத் தாண்டியது 5,000. அதை அடிப்படையோடு கூட்டினால், சட்டத்தின் கண்ணில் இவருடைய ஊதியம் 15,000 ரூபாய். பே ஸ்லிப்பில் நீங்கள் 10,000 என்று போட்டிருந்தாலும் சரி.

இவர் 10 வருடம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 10,000-க்குப் போட்டால் 57,692 ரூபாய். 15,000-க்குப் போட்டால் 86,538 ரூபாய். ஒரே ஆளுக்கு 28,846 ரூபாய் வித்தியாசம். இதே மாதிரி 20 பேர் இருந்தால் சுமார் 5.77 லட்சம். கிராஜுவிட்டிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வைக்காத நிறுவனத்துக்கு இது சின்னத் தொகை கிடையாது.

பிஎஃப்-ல் என்ன ஆகும்? இதே ஊழியருக்கு 10,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,200 பிடித்திருப்பார்கள். 15,000-க்கு என்றால் 1,800. ஊழியர் பக்கம் 600, முதலாளி பக்கம் 600 கூடும். ஊழியர் கைக்கு வருவது 600 குறையும், ஆனால் அவர் பெயரில் கட்டப்படும் மொத்தத் தொகை 1,200 கூடும். அடிப்படையே 15,000-க்கு மேல் இருந்து, சட்ட வரம்பான 15,000-க்கு மட்டும் பிஎஃப் கட்டும் இடங்களில் கையில் வரும் சம்பளம் குறையாது. இதை மத்திய தொழிலாளர் அமைச்சகமே விளக்கியிருக்கிறது. "எல்லாருக்கும் சம்பளம் குறையப்போகுது" என்று வந்த ஃபார்வர்டுகளை அந்த அளவில் மட்டும் நம்புங்கள்.

இன்னொன்று. எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளைப் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆக, படிகளாகப் பிரித்துத் தப்பிக்கும் வழி சுருங்கத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. புதிய சட்டம் அதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் மொத்தமாக ஒரு தொகை போடும் நிறுவனங்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். சட்டம் தரும் விலக்குப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. இஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாயையும் மறக்க வேண்டாம். ஊதியம் என்ற சொல்லின் பொருள் மாறும்போது, அந்த வரம்புக்குள் யார் வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்ற கணக்கையும் ஆடிட்டரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

விலகிப் போகிறவருக்கு இரண்டு நாளில் பணம்

"அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல வாங்க, செட்டில்மெண்ட் பண்ணிடலாம்." இந்த வசனம் இனி செல்லாது. ராஜினாமா, பணிநீக்கம், ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல் என எந்தக் காரணத்தால் ஒருவர் போனாலும், அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். முன்பு முதலாளி வேலையை விட்டு நீக்கினால்தான் இந்த அவசரம். இப்போது தானாகவே ராஜினாமா செய்தவருக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பம் ஓடுகிறது. இரண்டு நாள் கெடு சம்பளத்துக்குத்தான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தாமதமானால் வட்டி சேரும்.

நடைமுறையில் இரண்டு நாள் போதுமா? லேப்டாப் திரும்ப வரவில்லை, ஸ்டோர் கணக்கு முடியவில்லை என்று கடைசி நாளில் தொடங்கினால் போதாது. நோட்டீஸ் காலத்திலேயே நோ-டியூஸ் வேலையை முடித்துவிட வேண்டியதுதான். பிடித்தத்துக்கும் எல்லை இருக்கிறது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அபராதம் என்று பிடித்தால் அது 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் கட் என்று போர்டு எழுதி மாட்டியிருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். பே ஸ்லிப் கட்டாயம்.

ஒரு வருஷத்துல கிராஜுவிட்டி... எல்லாருக்குமா?

இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்து ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குத்தான், அதாவது ஃபிக்ஸட் டேர்ம் ஊழியருக்குத்தான் ஐந்து வருடக் கணக்கு கிடையாது. ஒரு வருடம் முடித்திருந்தால் அவருக்கு விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு. நிரந்தர ஊழியர்களுக்குப் பழையபடி ஐந்து வருடம்தான். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கு மட்டும் மூன்று வருடம்.

ஃபிக்ஸட் டேர்ம் ஊழியருக்கு அதே வேலை பார்க்கும் நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் சம்பளமும் சலுகைகளும் கிடைக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. ஒப்பந்த ஆள் என்றால் செலவு மிச்சம் என்று போடும் கணக்கு இனி முன்பு போல வராது.

எத்தனை பேர் இருக்காங்க? இந்த எண்தான் எல்லாம்

ஒரு நிறுவனத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தலை எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, கிராஜுவிட்டி வரும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான உள்ளகப் புகார்க் குழுவும் அமைக்க வேண்டும். 20 ஆனால் பிஎஃப், போனஸ், குறைதீர்ப்புக் குழு. 50 ஆனால் குழந்தைகள் காப்பகம். 100 ஆனால் தொழிலாளர், நிர்வாகம் இரண்டு தரப்பும் உட்காரும் பணிக்குழு அமைக்க அரசு உத்தரவிடலாம்.

சில எண்கள் மேலே ஏறியிருக்கின்றன. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்பது இப்போது 20 பேர். ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான விதிமுறைகள் 20 பேருக்குப் பதிலாக 50 பேரில் தொடங்குகின்றன. தொழிற்சாலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100-லிருந்து 300 ஆகியிருக்கிறது. நிலையாணைகளுக்கும் அதே 300. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்ப்பது இந்தப் பகுதியைத்தான். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. 299 பேர் வேலை செய்யும் ஆலையை அரசைக் கேட்காமலே மூடலாம் என்றால், அந்த 299 குடும்பங்களுக்கு அது வெறும் எண் இல்லை.

ஆள் குறைந்துவிட்டால் தப்பிக்கலாமா? பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி போன்ற சமூகப் பாதுகாப்பு விஷயங்களில் முடியாது. ஒரு தடவை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் சட்டம் தொடரும். இரண்டு பேரைக் கணக்கில் காட்டாமல் விட்டு 18 என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒரு விபத்து நடந்தால் அந்த இரண்டு பேருக்கும் இஎஸ்ஐ-யும் இல்லை, முதலாளிக்குப் பாதுகாப்பும் இல்லை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் இழப்பீட்டுக் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

12 மணி நேர வேலை உண்மையா?

ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதுதான் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்க ஊழியரின் சம்மதம் வேண்டும், இரண்டு மடங்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது உணர்ச்சிகரமான விஷயம். வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது ஞாபகம் இருக்கும்.

பெண்கள் இரவு ஷிஃப்டில் வேலை செய்யலாம். அவர்களின் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு முதலாளியின் பொறுப்பு. இரவு 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன் என்பது கணக்கு. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டதால், நமக்கு இது முழுக்கப் புதுசு இல்லை. சம்பளத்துடன் கூடிய வருடாந்திர விடுப்புக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது.

மாநிலச் சட்டங்கள் போயிடுச்சா?

29 சட்டம் போச்சு என்றதும், எல்லாமே போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். போனவை மத்திய சட்டங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 அப்படியே இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவும் இருக்கிறது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக வந்த பிரிவு அது. ஸ்டூல் வாங்கிக் குடோனில் போட்டு வைப்பது இருக்கை தருவது ஆகாது.

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு மேலும் ஐந்து பண்டிகை விடுமுறைகள் தர வேண்டும் என்ற 1958-ம் ஆண்டுச் சட்டமும் மாநிலச் சட்டம்தான். 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற 1981-ம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் பல வழக்குகளின் மையம். ஃபிக்ஸட் டேர்ம் ஒப்பந்தத்தை மறுபடி மறுபடி நீட்டிக்க நினைப்பவர்கள், அதற்கு முன்பு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

மீறினால் என்ன தண்டனை?

குறைத்துச் சம்பளம் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி அதே தப்பு என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'இன்ஸ்பெக்டர்' இப்போது 'ஆய்வாளர் மற்றும் வழிகாட்டி' ஆகியிருக்கிறார். சில குறைகளுக்கு வழக்குப் போடும் முன் சரிசெய்ய அவகாசம் தருவார்.

ஒன்றில் மட்டும் இரக்கம் கிடையாது. ஊழியர் சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டு அலுவலகத்தில் கட்டாமல் இருந்தால், குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் சேரும்.

அப்டேட்டா இருக்குறது எப்படி?

பெரிய கம்பெனிகளுக்கு ஹெச்ஆர், லீகல் டீம் என்று ஆள் இருக்கிறது. 15 பேர் வைத்து லேத் பட்டறை நடத்துபவருக்கு இருப்பது ஒரு கணக்குப்பிள்ளையும், மாதம் ஒருமுறை வந்து போகும் பிஎஃப் கன்சல்டன்ட்டும்தான். கன்சல்டன்ட் பிஎஃப், இஎஸ்ஐ சலான் போடுவார். நியமனக் கடிதம் கொடுத்தீர்களா, செட்டில்மெண்ட் இரண்டு நாளில் முடிந்ததா என்று அவர் கேட்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. அவரிடம் எந்தெந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்-ஐப் பார்த்ததும் மூன்று விஷயம் தேடுங்கள். அரசிதழ் எண் இருக்கிறதா? தேதி என்ன? தலைப்பில் 'வரைவு' என்ற சொல் இருக்கிறதா? வரைவு என்றால் கருத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், இன்னும் அமலுக்கு வரவில்லை. அதற்குக் கருத்து அனுப்பும் உரிமை உங்களுக்கும் உண்டு. சிறு தொழில் சங்கங்கள் மூலமாக அனுப்பினால் கவனிக்கப்படும் வாய்ப்பு அதிகம். மத்திய அரசிதழ், தமிழ்நாடு அரசிதழ், மாநிலத் தொழிலாளர் துறை, இபிஎஃப்ஓ, இஎஸ்ஐசி இணையதளங்களை மாதம் ஒரு நாள், சம்பளம் போடும் நாளிலேயே, பார்த்துவிடுவது எளிது.

தேதிகளும் அதே நாட்காட்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ. நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ், குறைந்தபட்சம் 8.33 சதவீதம். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும். ஏப்ரல் மாதச் சம்பளத்தைப் பழைய தொகையிலேயே போட்டுவிட்டு, ஆய்வாளர் வந்த பிறகு வித்தியாசத்தைக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இனி அந்த வித்தியாசம் 'குறைத்துக் கொடுத்த சம்பளம்' என்ற தலைப்பில் வரும். குறைந்தபட்ச ஊதியமும் முன்பு போல அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும் இல்லை, எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும். "எங்க தொழில் லிஸ்ட்லயே இல்லையே" என்று சொல்லி வந்தவர்கள், உங்கள் ஊழியர்களின் இப்போதைய சம்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.